கான்பூர் காயலான் குவியலில் இருந்து கிளம்பிய விமானம்

பழைய ராணுவ விமானங்களைத் தேடிப் பிடிச்சு, சரிபண்ணி, பெரிய விலைக்கு வாங்குற சேகரிப்பாளர்கள் உலகத்துல நிறைய பேர் இருக்காங்க. இன்னிக்கு அப்படிப்பட்ட ஒரு விமானத்தோட கதை. ஆனா எனக்கு அந்தக் கதை தொடங்குறது திண்டுக்கல் பக்கத்துல, எங்க ஊர் கன்னிவாடியில.

அப்பா ஆயில் இன்ஜின் மெக்கானிக். மூணு செத்த இன்ஜினைப் பிரிச்சு, ஒண்ணை ஓட வெச்சுருவாரு. கரண்ட் மோட்டார் வந்ததும் அந்த வேலை குறைஞ்சு போச்சு. பட்டறையில மிச்சமிருந்த ஒரு இன்ஜினை, பழம்பொருள் வாங்குறவர் ஒருத்தர் எடுத்துட்டுப் போனாரு. பிறகு ஒரு ஹோட்டல் வரவேற்பறையில அதைப் பார்த்தேன். பளபளன்னு பச்சை பெயின்ட், கூடவே ஏதோ வெளிநாட்டுப் பேரு. அப்பாகிட்ட போட்டோ காட்டினேன். "ஓடுதா?"ன்னு மட்டும் கேட்டாரு.

இப்ப கான்பூருக்குப் போவோம். இரண்டாம் உலகப் போர் முடிஞ்சதும் பிரிட்டிஷ் விமானப்படை தன்னோட பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை அங்கே குவிச்சுட்டுப் போயிருச்சு. எல்லாம் அமெரிக்கா கடன்-குத்தகை ஒப்பந்தத்துல கொடுத்தது. வேற யாரும் ஓட்டிடக் கூடாதுன்னு வேணும்னே சேதப்படுத்தியும் வெச்சிருந்தாங்க.

புதுசா விடுதலை அடைஞ்ச நாட்டுக்குக் கனரக குண்டுவீச்சு விமானம் தேவைப்பட்டது. பெங்களூர் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் ஆட்கள் அந்தக் குவியலுக்குள்ள இறங்கினாங்க. இதுல இறக்கை, அதுல சக்கரம்னு சேர்த்து, பறக்குற அளவுக்குத் தேத்தினாங்க. ஜம்ஷெட் முன்ஷிங்கிற விமானி ஒவ்வொண்ணா பெங்களூருக்கு ஓட்டிட்டு வந்தாரு. அங்கதான் முழுசா பழுது பார்த்தாங்க. 1948-ல் அவை இந்திய விமானப்படையில் சேர்ந்தன. 1968 வரைக்கும் பறந்தன.

18,000-க்கு மேல தயாரான விமானம் அது. போர் முடிஞ்சதும் மத்த நாடுகள்ல பெரும்பாலும் உருக்கிட்டாங்க. அதனால அருங்காட்சியகங்கள் இந்தியாவைத் தேடி வந்தன. கனடா ஒரு லைசாண்டர் விமானத்தைக் கொடுத்து, பதிலுக்கு ஒரு லிபரேட்டர் வாங்கிக்கிச்சு. 1974-ல் ஒண்ணு லண்டன் அருங்காட்சியகத்துக்காக இங்கிருந்து பறந்தே போச்சு.

இன்னொண்ணை 1981-ல் டக் ஆர்னால்டுங்கிற பிரிட்டிஷ் சேகரிப்பாளர் வாங்கினாரு. 1984-ல் அது அமெரிக்காவோட காலிங்ஸ் அறக்கட்டளை கைக்கு மாறிச்சு. பல வருஷ வேலைக்குப் பிறகு 1989-ல் திரும்பவும் பறந்தது. ஆனா அது சுமந்தது வேற அமெரிக்க விமானங்களோட பேரும் வண்ணமும். 2005-ல் வெச்ச பேரு 'விட்ச்கிராஃப்ட்'. போர்ல இருந்தது சில மாசம். நம்ம நாட்டுல இருபது வருஷம்.

வாங்கினவங்க மேல எனக்குக் கோபம் இல்ல. அவங்க செலவழிச்சதாலதான் அது திரும்பப் பறந்துச்சு. ஆனா சேகரிப்பாளர்கள் சந்தையில போர்க் கதைக்குத்தான் மவுசு. குப்பையில இருந்து அதைத் தூக்கி நிறுத்தின கைகளுக்கு அந்த பெயின்ட்ல இடமில்ல.

போன வாரம் இந்த விமானம் பறக்குற வீடியோவை அப்பாகிட்ட காட்டினேன். நாலு இன்ஜின் சத்தத்தையும் கண்ணை மூடிக் கேட்டாரு. "பிரிச்சு மாட்டினது யாருப்பா?"ன்னாரு. "பெங்களூர்க்காரங்கப்பா." "அதைச் சொல்லு எல்லார்கிட்டயும்"னாரு. சொல்லிட்டேன்.

டெல்லி போனா பாலம் விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போங்க. அங்க ஒரு லிபரேட்டர் இந்திய வண்ணத்துலயே நிக்குது. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.