குரலைக் காக்கும் சிறு பெட்டி
(எமது மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வீட்டிலும் வெளியிடத்திலும் ஒலிப்பதிவு செய்தற்கு உதவும் 'ஓடியோ இன்டர்பேஸ்' என்னும் கருவியைத் தெரிந்தெடுப்பது எவ்வாறு, பயன்படுத்துவது எவ்வாறு என்பதே இன்று எமக்கு அளிக்கப்பட்ட பொருள். "இது பாட்டுக்காரர் வேலையன்றோ, எமக்கென்ன?" என்று சிலர் எண்ணக்கூடும். எமக்கு நேர்ந்த ஒரு பிழையை முதலிற் சொல்லிவிடுகின்றோம்.

எண்பது வயதைக் கடந்த கூத்து அண்ணாவியார் ஒருவரிடம் நாம் சென்றிருந்தோம். கூத்துப் பாட்டின் சொற்களைக் கொப்பியில் எழுதிவிடலாம். மெட்டையும் குரலின் நெளிவையும் எழுத்தாற் காக்க முடியாது. அவை அவர் நெஞ்சில் மாத்திரம் இருந்தன. இரவல் வாங்கிய பெட்டியை வைத்து, "ஐயா, சும்மா ஏதும் கதையுங்கோ" என்றோம். அவர் மெல்லக் கதைத்தார். அந்த அளவுக்கே கருவியின் குமிழைத் திருகி வைத்தோம். பின்னர் மத்தளம் முழங்க, அவர் இளமை திரும்பியவர்போல் உச்சக் குரலெடுத்துப் பாடினார். நாமும் மெய்ம்மறந்து இருந்துவிட்டோம். வீட்டிற்கு வந்து கேட்டால், கேட்டதெல்லாம் கரகரப்பு. தை பிறந்ததும் மறுபடி போவோம் என்று ஆறுதல் கொண்டோம். தை பிறக்குமுன் அவர் காலமாகிவிட்டார்.

நாம் செய்த பிழை யாது? ஒலிவாங்கியில் எழும் மின்சாரம் மிக நுண்ணியது. இன்டர்பேஸ் அதனைப் பெருக்கி, ஒரு செக்கனுக்கு 48,000 முறை அளந்து, எண்களாக்கிக் கணினிக்கோ கையடக்கத் தொலைபேசிக்கோ அனுப்புகின்றது. அவ்வெண்களுக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. அதனைச் சுழியம் தெசிபெல் என்பர். ஒலி அவ்வரம்பைத் தாண்டினால் அலையின் தலை வெட்டுண்டு போகும். நிரம்பிய குடத்தில் மேலும் வார்த்த நீரைப்போலச் சிந்தியது சிந்தியதுதான். அதனை உள்ளவாறே மீட்பதற்கு வழியில்லை.

ஆகவே பாடுபவரை அவர் பாடக்கூடிய மிக உரத்த பகுதியையே முதலிற் பாடச் சொல்லுங்கள். அப்போது அளவுகோல் சுழியத்திற்கு 12 தெசிபெல் கீழே நிற்கும்படி குமிழை வையுங்கள். "மிகக் குறைந்துவிடுமே" என்று அஞ்சவேண்டாம். 24 பிட் அளவிற் பதிந்தால் தாழ்ந்த ஒலியைப் பின்னர் உயர்த்திக்கொள்ளலாம். ஹெட்போனை அணிந்து இறுதிவரை கேட்டுக்கொண்டிருங்கள். நாம் அன்று அதனை அணிந்திருந்தால் முதற் பாட்டிலேயே பிழையை அறிந்திருப்போம்.

இனி, வாங்கும்போது கவனிக்கவேண்டியவை. முதலாவது, எத்தனை ஒலிவாங்கிகள் ஒரே நேரத்தில் வேண்டும்? குரலுக்கு ஒன்று, மத்தளத்திற்கு ஒன்று என இரண்டு வாயில்கள் எம்போன்றோர்க்குப் போதும். எட்டு வாயிலுள்ள பெட்டிக்குப் பணத்தைக் கொட்டவேண்டியதில்லை.

இரண்டாவது, 48 வோல்ற்று மின்னூட்டம். கண்டென்சர் வகை ஒலிவாங்கிகள் பெரும்பாலும் அஃதின்றி இயங்கா. டைனமிக் வகைக்கு அது வேண்டுவதில்லை. 1966இல் வெளிவந்து இன்றும் மேடைகளிற் காணப்படும் ஷூர் எஸ்.எம். 58 அவ்வகையினது. காகமும் கோழியும் கத்தும் முற்றத்திற் பதிவதாயின் டைனமிக் வகையை வாய்க்கு அருகே பிடிப்பதே நன்று.

மூன்றாவது, தொலைபேசியோடு இணையுமா என்பது. தனி மென்பொருள் நிறுவாமலே இயங்கும் பொது விதிக்கமைந்த கருவியா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். 2023இல் வந்த ஐபோன் 15 முதலாக அவ்வகைத் தொலைபேசிகளிலும் யூ.எஸ்.பீ. சி வாயிலே உண்டு. அதற்கு முந்தியவற்றுக்கு இணைப்புத் துண்டு தேவை. தொலைபேசி தரும் மின்சாரம் பெட்டிக்குப் போதாமற் போவதும் உண்டு. எனவே வேறாக மின்னூட்ட இடமுள்ள பெட்டி வெளியூர்ப் பயணத்திற்கு ஏற்றது.

நான்காவது, பாடுபவர் தம் குரலைத் தாமதமின்றிக் கேட்கும் வசதி. கணினி ஒலியைச் சிறு சிறு தொகுதியாகவே ஏற்கும். 1,024 அளவைகள் கொண்ட தொகுதியாயின், 48,000 வேகத்தில் அதற்கு மாத்திரம் ஏறக்குறைய 21 மில்லிசெக்கன் செல்லும். தாளம் பிடிப்பவர்க்கு அது இடறும். கணினிக்குட் போகாமல் பெட்டியிலிருந்தே நேராகக் கேட்கும் வசதி இருப்பின் இவ்விடர் இல்லை.

பதியும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். தொலைபேசிக்கு அழைப்பு வராதபடி செய்யுங்கள். ஒரு மணி நேரத்து இரு வாயிற் பதிவு ஏறக்குறைய ஒரு கிகாபைட் இடம் கொள்ளும்; முன்னரே இடத்தை ஒழித்து வையுங்கள். முடிந்ததும் மூன்று பிரதிகள் எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

இளைஞர்களே, விலையுயர்ந்த பெட்டி வரட்டும் என்று காத்திருக்கவேண்டாம். எமக்குக் கருவி குறைவாயிருந்ததில்லை, கவனமே குறைவாயிருந்தது. பெரியோர்களே, பிள்ளைகள் பெட்டியோடு வந்தால் "எனக்குக் குரல் போய்விட்டது, தம்பி" என்று கூறித் திருப்பி அனுப்பாதீர்கள். போகின்ற குரலையே அவர்கள் தேடி வருகின்றார்கள்.

அண்ணாவியாரின் மகளிடம் பின்னர் சென்றோம். தந்தையார் பாடியவற்றுள் இரண்டு மெட்டுக்கள் அவருக்கு நினைவிலிருந்தன. அவ்விரண்டையும் பழுதின்றிப் பதிந்து வைத்திருக்கின்றோம். எஞ்சியவை அவரோடு போயின. உங்கள் வீட்டில் எஞ்சியிருப்பவற்றை இந்த விடுமுறையிலேயே பதிந்துவிடுங்கள்.