கரையோர நிலமும் நமது குடியிருப்பும்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





சென்ற ஆண்டுப் பொதுக்குழுவில் சகோதரர் ஒருவர் எழுந்து, "கடற்கரையில் இருநூறு மீட்டர் கட்டுப்பாடு ஐம்பது மீட்டராகக் குறைந்துவிட்டதாமே, இனி அங்கே நம் மக்களுக்கு வீடுகளும் சமுதாயக் கூடமும் மதரஸாவும் கட்டிவிடலாம் அல்லவா?" என்று வினவினார். அவையில் பலத்த ஆதரவு எழுந்தது. நில அளவைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால், இதற்கு விளக்கமளிக்குமாறு தலைவர் அவர்கள் எனக்குப் பணித்தார்கள்.

அந்தச் சகோதரரின் கவலை நியாயமானது. பெண்மக்களுக்கு வீடு கொடுத்து மணமுடிக்கும் வழக்கம் நம் கடலோர ஊர்கள் பலவற்றில் தலைமுறை தலைமுறையாக உள்ளது. ஒரு வீடு இரண்டாகி, இரண்டு நான்காகி, முற்றம் சுருங்கி, இன்று தெருவுக்குள் ஜனாஸாவைச் சுமந்து திரும்புவதற்கே இடமின்றித் தவிக்கிறோம். கிழக்கே காலியாகக் கிடக்கும் கரையைப் பார்க்கும்போது மனம் அங்கே செல்வது இயல்புதான். ஆயினும் சட்டம் என்ன சொல்கிறது என்பதை முழுமையாக அறிந்த பின்னரே காலடி எடுத்து வைக்க வேண்டும்.

கடலோர நிலப் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் சி.ஆர்.இசட். அறிவிக்கையை மத்திய அரசு முதன்முதலில் 1991 பிப்ரவரி 19 அன்று வெளியிட்டது. அது 2011இல் மாற்றப்பட்டது. மீண்டும் 2019 ஜனவரி 18 அன்று புதிதாக வெளியிடப்பட்டது. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள நிலம் இதன் வரம்புக்குள் வரும். சாலை, குடிநீர், கழிவுநீர் வசதிகளுடன் நெருக்கமாகக் கட்டடங்கள் எழுந்துவிட்ட நகர்ப்பகுதி இரண்டாம் வகை. பிற ஊரகப் பகுதிகள் மூன்றாம் வகை. அந்த மூன்றாம் வகையில்தான் கரையிலிருந்து 200 மீட்டர் வரை 'கட்டுமானம் கூடாப் பகுதி' என்று வைக்கப்பட்டிருந்தது.

2019ஆம் ஆண்டு அறிவிக்கை இந்த மூன்றாம் வகையை இரண்டாகப் பிரித்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஒரு சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் இடங்களுக்கு மட்டுமே 50 மீட்டர். ஏனைய இடங்களுக்கு அதே 200 மீட்டர்தான். இதனுடன் ஒரு நிபந்தனையும் உண்டு. புதிய அறிவிக்கையின்படி, மக்களிடம் கலந்து, கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடம் தயாரிக்கப்பட்டு ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். இல்லையெனில் அங்கும் 200 மீட்டரே நீடிக்கும். பத்திரிகைச் செய்திகளில் முதல் பாதி மட்டும் பெரிதாக வந்தது; நிபந்தனையைக் கவனித்தவர் சிலரே.

கவனியாமையின் விலையை என் குடும்பமே கொடுத்திருக்கிறது. என் ராத்தாவின் மகன் அயல்நாட்டில் பல்லாண்டு உழைத்துச் சேர்த்த பணத்தில் கரையோரம் ஒரு மனை வாங்கினார். பத்திரம் பதிவாயிற்று, பட்டாவும் மாறிற்று. கடைக்கால் போட்டு முடித்தபின் வங்கிக் கடனுக்குச் சென்றபோதுதான் சி.ஆர்.இசட். அனுமதி எங்கே என்று கேட்டார்கள். அந்தக் கடைக்கால் இன்றும் மணல் மூடிக் கிடக்கிறது. பட்டா என்பது நிலம் யாருடையது என்பதைச் சொல்லும். அதில் என்ன கட்டலாம் என்பதை வரைபடமே சொல்லும். வக்ஃபு நிலத்துக்கும் இதே விதிதான் என்பதை நிர்வாகத்தினர் கருத்திற்கொள்ள வேண்டும்.

கட்டுமானம் கூடாப் பகுதியிலும் உள்ளூர் மக்களின் தேவைக்கான பள்ளிக்கூடம், மருந்தகம், பொதுக் கழிப்பறை, சாலை, குடிநீர் வசதி, அடக்கத்தலம் போன்றவற்றை, ஒவ்வொன்றாக ஆராய்ந்து, கடலோர மண்டல மேலாண்மை ஆணையம் அனுமதிக்க 2011ஆம் ஆண்டு அறிவிக்கை இடமளித்தது. திருமண மண்டபம் அப்பட்டியலில் இல்லை. வழிபாட்டுத் தலமும் இல்லை. ஏற்கெனவே உள்ள கட்டடத்தைப் பழுதுபார்க்கலாம், திரும்பக் கட்டலாம். ஆனால் பழைய பரப்பளவை மீறலாகாது. அதுவும் அனுமதி பெற்ற கட்டடமாக இருத்தல் வேண்டும். கரையருகே உள்ள நம் பழைய தைக்காவுக்கும் மக்தப் கட்டடத்துக்கும் 1991க்கு முந்தைய வரி ரசீதோ வரைபடமோ நம் கையில் உள்ளதா? நான் அலுவலகப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். கரையான் தின்ற இரண்டு ரசீதுகளைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை. புதிய கூடத்தைப் பற்றிப் பேசுமுன் இதைத் தேட வேண்டும்.

இனி, சட்டம் அனுமதித்தாலும் கட்டலாமா என்பது வேறு கேள்வி. 2004 டிசம்பர் 26ஆம் நாளை நாம் மறந்துவிடவில்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அன்று பரங்கிப்பேட்டை ஜமாஅத்தினர் பாதிக்கப்பட்ட மீனவ மக்களுக்கு உணவும் தங்குமிடமும் அளித்து ஆதரித்தார்கள். சமுதாயக் கூடம் என்பது திருமணத்துக்கு மட்டுமன்று, பேரிடர் நாளில் ஊரே வந்து ஒதுங்குவதற்குமான இடம். அதைக் கொண்டுபோய் அலைவாய்க்கு ஐம்பதாவது மீட்டரில் கட்டினால் யார் அதில் ஒதுங்குவது? கூடம் மேட்டு நிலத்தில், ஊருக்கு மேற்கே அமைய வேண்டும் என்பது என் திடமான கருத்து. தண்ணீரையும் எண்ணிப் பாருங்கள். கரையோர மணலுக்கடியில் உள்ள நன்னீர் உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக நிற்கிறது. நூறு வீடுகள் ஆழ்துளைக் கிணறு போட்டு உறிஞ்சினால் ஊர்க் கிணறுகள் அனைத்தும் உவர்ப்பாகும்.

காலியாகக் கிடக்கிறது என்று நாம் சொல்லும் அந்தக் கரை உண்மையில் காலியாக இல்லை. படகு ஏற்றுவதும் வலை காய்ப்பதும் கருவாடு உலர்த்துவதும் அங்கேதான். அது நம் அண்டை வீட்டாராகிய மீனவ மக்களின் பிழைப்பிடம். மேலும், புதிய அறிவிக்கை கரையோரத்தில் தற்காலிகச் சுற்றுலா வசதிகளுக்கும் வழிவிட்டிருக்கிறது. கட்டுப்பாடு தளர்ந்தால் விலை ஏறும். விலை ஏறினால் வாங்குவோர் நம் ஏழைப் பெண்மக்களைக் கரையேற்ற வருபவர்களாக இருக்க மாட்டார்கள். முழுக்கரையையும் குடியிருப்பு மண்டலமாக்கக் கோரி மனுக் கொடுப்போம் என்ற சென்ற ஆண்டு யோசனையை இக்காரணத்தால் நான் ஏற்கவில்லை. கூறியவர் வருந்த வேண்டாம்.

அப்படியாயின் வழி என்ன? மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் மீனவர் குடியிருப்புகளும் பொது இடங்களும் பள்ளி, மருந்தகம் முதலிய வசதிகளும் குறிக்கப்பட வேண்டும் என்றும், மீனவ சமுதாயத்தின் நெடுங்கால வீட்டுத் தேவைக்கு மாநில அரசு திட்டமிட வேண்டும் என்றும் அறிவிக்கையே கூறுகிறது. அவர்கள் அதைக் கேட்கும்போது நாம் உடன் நின்று, நம் மையவாடியையும் மக்தபையும் ஊர்ப்பாதைகளையும் அதே வரைபடத்தில் குறிக்கச் செய்யலாம். தமிழகக் கடலோர மாவட்டங்களில் 2023 ஆகஸ்டில் வரைவு வரைபடங்கள் மீது கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடந்தன. தங்கள் ஊர்களே விடுபட்டுள்ளன என்று மீனவ அமைப்புகள் அங்கே முறையிட்டன. நம் ஜமாஅத்திலிருந்து ஒருவரும் செல்லவில்லை, நானும் செல்லவில்லை.

வீடுகளைப் பொறுத்தவரை, கரையை விட்டு 500 மீட்டருக்கு அப்பால் ஊருக்கு மேற்கேயுள்ள நிலத்தை நம் தனவந்தர்கள் சேர்ந்து வாங்கி மனைகளாகப் பிரித்துக் கொடுப்பதே நிலைத்த ஏற்பாடாக எனக்குத் தோன்றுகிறது. அதற்கும் நிலப் பயன்பாட்டு அனுமதி வேண்டும். ஆகவே வாங்குமுன் வரைபடத்தைப் பாருங்கள்.

நிர்வாகக் குழுவுக்கு என் வேண்டுகோள் இதுவே. ஐந்து பேர் கொண்ட ஒரு குழுவை இன்றே நியமியுங்கள். நம் ஊருக்குரிய 1:4,000 அளவு வரைபடத்தின் நகலைப் பெற்று, நம் புல எண்கள் எந்த வகையில் வருகின்றன என்று குறித்து, ரமலானுக்கு முன் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செய்யுங்கள். கோட்டை வாசித்துக் காட்டும் வேலையை நான் செய்து தருகிறேன், இன்ஷா அல்லாஹ். வீட்டில் பழைய ரசீது, பத்திரம் வைத்திருப்போர் அடுத்த ஜும்ஆவுக்குள் அலுவலகத்தில் நகல் ஒன்று ஒப்படையுங்கள்.

வஸ்ஸலாம்.