செடியிலேயே பழுக்கும் பழம்



மாங்காய் கொஞ்சம் செங்காயாக வந்து சேர்ந்தால் வீட்டில் யாரும் கவலைப்படுவதில்லை. அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தால் நாலு நாளில் பழுத்துவிடும். வாழை, சப்போட்டா, பப்பாளி எல்லாம் மரத்தை விட்டு வந்த பிறகும் பழுக்கிற சாதிதான். ஸ்ட்ராபெர்ரிக்கு அந்த வழக்கம் கிடையாது. காம்பைக் கிள்ளியதும் அதற்குச் சர்க்கரை வரத்து நின்றுவிடுகிறது. பிறகு நிறம் சற்றுக் கூடும், சதை இளகும். இனிப்பு மட்டும் ஏறாது.

இந்தியாவில் விளையும் ஸ்ட்ராபெர்ரியில் பெரும்பகுதி மகாராஷ்டிர மாநிலத்தின் மகாபலேஷ்வர், பஞ்ச்கனி மலைப்பகுதியிலிருந்து வருகிறது. 2010ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பழம் அது. அங்கிருந்து சென்னைக்கோ மதுரைக்கோ நசுங்காமல் வந்து சேர வேண்டுமென்றால், முழுதாகச் சிவக்கும் முன்பே பறித்தாக வேண்டும். கடையில் வாங்கும் பழத்தின் காம்புப் பக்கம் வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் இதுதான். ஸ்ட்ராபெர்ரி என்றாலே புளிப்பு என்று பல வீடுகளில் முடிவுகட்டிவிட்டதும் இதனால்தான். அடிவரை சிவந்து, மணம் வந்த பிறகு செடியிலிருந்து கிள்ளிய ஒரு பழத்தைச் சாப்பிட்டவர்கள் அப்படிச் சொல்வதில்லை. மாடியில் கத்தரியும் தக்காளியும் வைத்தால் செலவு மிச்சமாகும். ஸ்ட்ராபெர்ரி வைத்தால், கடையில் எந்த விலை கொடுத்தாலும் வாங்க முடியாத ஒரு சுவை கிடைக்கும்.

இன்று உலகமெங்கும் விளைகிற இந்தப் பெரிய பழத்துக்கு வயது முந்நூறு ஆண்டுகூட ஆகவில்லை. 1712இல் அமெதே பிரான்சுவா ஃப்ரெசியே என்ற பிரெஞ்சுப் பொறியாளரை, தென்னமெரிக்காவின் ஸ்பானியக் கோட்டைகளை உளவு பார்ப்பதற்காக அவருடைய அரசு அனுப்பியது. சிலி நாட்டுக் கடற்கரையில் மாப்பூச்சே மக்கள் பயிரிட்டுவந்த ஒரு ஸ்ட்ராபெர்ரியை அவர் கண்டார். ஐரோப்பாவின் காட்டு ஸ்ட்ராபெர்ரியைவிடப் பன்மடங்கு பெரிய பழம். 1714இல் ஊர் திரும்பும்போது செடிகளைக் கப்பலில் ஏற்றினார். குடிதண்ணீருக்கே அளவு வைத்திருந்த மாதக்கணக்கான பயணம் அது; ஐந்து செடிகள்தான் பிழைத்து வந்தன. அவையும் பெண் செடிகள். பிரான்சில் தழைத்து வளர்ந்தன, பூத்தன, ஆனால் காய்க்கவில்லை. பிறகு வட அமெரிக்காவின் வர்ஜீனியா ஸ்ட்ராபெர்ரிக்குப் பக்கத்தில் நட்டபோது அதன் மகரந்தத்தை ஏற்றுக் காய்த்தன. அந்தக் கலப்பில் பிறந்ததுதான் இன்று நாம் உண்ணும் பழம். அந்த உறவைச் சரியாகக் கண்டு 1766இல் நூலாக எழுதியவர் அந்துவான் நிக்கொலா துஷேன். அப்போது அவருக்கு வயது 19தான்.

தமிழ் மண்ணிலும் இதற்குப் பழைய சொந்தம் ஒன்று உண்டு. நீலகிரியின் பெயரையே தாவரவியல் பெயரில் தாங்கிய ஒரு காட்டு ஸ்ட்ராபெர்ரி இருக்கிறது. வெளிறிய நிறமும் மணமும் உள்ள சிறு பழம். அதே மலைகளில் சாலையோரம் படர்ந்து, மஞ்சள் பூப் பூத்து, செக்கச்செவேலென்று காய்க்கும் இன்னொரு செடியைப் பார்த்துச் சுற்றுலாப் பயணிகள் பலர் ஏமாறுகிறார்கள். அது போலி ஸ்ட்ராபெர்ரி. தின்றால் தீங்கில்லை, ருசியும் இல்லை. வீட்டில் வளர்க்கும் ஸ்ட்ராபெர்ரிக்குப் பெரும்பாலும் வெள்ளைப் பூதான்; அடையாளத்துக்கு அது போதும்.

ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் வீடுகளிலும் இலங்கையின் நுவரெலியாவிலும் இந்தச் செடியை வளர்ப்பது பெரிய காரியமில்லை. காற்றே பாதி வேலையைச் செய்துவிடும். கேள்வியெல்லாம் சமவெளியில் இருப்பவர்களுக்குத்தான். கோவையிலும் திருச்சியிலும் சென்னையிலும் மாடித் தோட்டம் வைத்திருப்பவருக்கு இது விளையுமா?

விளையும், ஆனால் ஒரு பருவத்துக்கு மட்டும். நம் ஊரில் வழக்கமாகக் கிடைக்கும் ரகங்கள் பகல் பொழுது குறுகும்போது மொட்டு வைப்பவை. 14 மணி நேரத்துக்குக் குறைவான பகல் போதும். தமிழ்நாட்டில் ஆனி மாதத்து நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தைத் தாண்டுவதில்லை. ஆகவே பகல் நீளம் இங்கே ஒருபோதும் தடையாக இருப்பதில்லை. தடை வெப்பம்தான். வெயில் கடுமையாகிவிட்டால் செடி மொட்டு வைப்பதை நிறுத்திவிட்டுக் கொடி விடத் தொடங்குகிறது. எனவே சமவெளியில் இதைக் குளிர்காலப் பயிராகவே எண்ண வேண்டும்: ஐப்பசி, கார்த்திகையில் நட்டு, தை, மாசியில் பறிப்பது. சென்னை, கடலூர், நாகை போன்ற கரையோர ஊர்களில் வடகிழக்குப் பருவமழை இந்த வேளையில்தான் கொட்டும். அங்கே அடைமழை ஓய்ந்த பிறகு நடுவது நல்லது; இல்லாவிட்டால் மழை படாத கூரைச் சார்பில் வைத்திருக்க வேண்டும். பங்குனி வெயில் வந்ததும் ஆட்டம் முடிந்தது.

கோடையில் செடி வாடி மடிந்தால் மனம் உடைய வேண்டியதில்லை. மகாபலேஷ்வர் விவசாயிகளே ஆண்டுதோறும் புதுச் செடிதான் நடுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து தாய்ச்செடிகளை வரவழைத்து, அவற்றிலிருந்து கன்று பெருக்கி, மழை ஓயும் நேரத்தில் நட்டு, பருவம் முடிந்ததும் பிடுங்கிவிடுகிறார்கள்.

நர்சரிக்குப் போனால் ரகத்தின் பெயரைக் கேட்டு வாங்குவது நல்லது. ஸ்வீட் சார்லி, விண்டர் டான் இரண்டும் அமெரிக்காவின் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் உருவானவை. அங்கே குளிர்காலமும் இதமான வெப்பத்தோடு இருக்கும் என்பதால், இந்த ரகங்கள் நம் மார்கழியைத் தாங்குகின்றன. கேமரோசாவும் சாண்ட்லரும் கலிஃபோர்னியாவில் பிறந்தவை, அவையும் இங்கே பழகிவிட்டன. விதைப் பாக்கெட்டை மட்டும் நம்ப வேண்டாம். ஸ்ட்ராபெர்ரி கலப்பினம்; விதையிலிருந்து வரும் செடி தாயைப் போல இருக்காது. முளைப்பதற்கே வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் குளிர் பாதி கழிந்துவிடும். இணையத்தில் நீல நிற ஸ்ட்ராபெர்ரி விதை என்று படம் போட்டு விற்கிறார்கள். அப்படி ஒரு பழம் உலகில் எங்கும் கிடையாது.

இனி மண். சமவெளித் தோட்டக்காரர் பலர் தோற்கும் இடம் இதுதான், தோற்கடிப்பது உப்பு. உப்பைத் தாங்கும் சக்தி மிகக் குறைந்த பயிர்களில் ஸ்ட்ராபெர்ரியும் ஒன்று. போர்வெல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே வந்தால் இலை ஓரம் கருகும். நோய் என்று நினைத்து மருந்து தேடுவார்கள். நோய் எதுவும் இருக்காது. தண்ணீரை மாற்றினால் போதும். பிடித்து வைத்த மழைநீர் இருந்தால் அதைவிட நல்லது வேறில்லை. கிணற்று நீர் மட்டும்தான் உண்டு என்றால், வாரம் ஒருமுறை தொட்டியின் அடித்துளை வழியே தாராளமாக வழியும்படி ஊற்றி, தேங்கிய உப்பை வெளியேற்ற வேண்டும். பாத்திகளைச் சுற்றிச் சுண்ணாம்பு கொட்டும் வழக்கமும் இங்கே ஆகாது. லேசான புளிப்புத் தன்மையுள்ள மண்ணே இதற்குப் பிடித்தம்; கார அமிலக் குறியீடு 5.5 முதல் 6.5 வரை இருந்தால் உத்தமம். மண்ணில் காரம் ஏறினால் செடியால் இரும்புச் சத்தை எடுக்க முடியாது. இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும்.

தென்னை நார்க்கழிவைப் பற்றி இங்கே சொல்லத்தான் வேண்டும். ஹாலந்திலும் பிரிட்டனிலும் ஸ்ட்ராபெர்ரி விவசாயிகள் மண்ணை விட்டுவிட்டு, தரையிலிருந்து இடுப்புயரத்தில் கட்டிய மேடைகளில், நார்க்கழிவு நிரப்பிய பைகளில் செடி வளர்க்கிறார்கள். அந்த நார்க்கழிவு இலங்கையிலிருந்தும், பொள்ளாச்சி போன்ற நம் தென்னை ஊர்களிலிருந்தும் கப்பலேறிப் போகிறது. அங்கே விளையும் பழத்துக்கு வேர்ப்பிடி கொடுப்பது நம் தென்னந்தோப்புதான். உள்ளூரில் கிடைக்கும் கட்டியை அப்படியே பயன்படுத்தக் கூடாது. அதிலும் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, இரண்டு மூன்று முறை அலசிவிட்டு, தோட்டமண்ணோடும், மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரத்தோடும் கலந்தால் தண்ணீர் தேங்காத, ஈரம் காக்கிற கலவை கிடைக்கும். பச்சைச் சாணமும் யூரியாவும் வேண்டாம். தழைச்சத்து மிகுந்தால் இலை செழிக்கும், பூ குறையும். தக்காளி, கத்தரி, மிளகாய் வளர்ந்த பழைய மண்ணையும் தவிர்க்க வேண்டும். வாடல் நோய்ப் பூஞ்சை அவற்றுக்கும் இதற்கும் பொது.

நடும்போது ஒன்றே ஒன்றில் கவனம் தேவை. இலைக்காம்புகள் எல்லாம் வந்து கூடும் கட்டையான தண்டு ஒன்று செடியின் நடுவில் இருக்கும். நர்சரிக்காரர்கள் அதைக் க்ரவுன் என்பார்கள். மண்மட்டம் அதன் அடியோடு நிற்க வேண்டும். அது புதைந்தால் குருத்து அழுகும், மேலே தூக்கி நின்றால் வேர் காயும். எட்டு, பத்து அங்குலத் தொட்டிக்கு ஒரு செடி. பாத்தியென்றால் செடிக்குச் செடி ஓர் அடி. வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே இருப்பதால் தாகம் சீக்கிரம் எடுக்கும். காலையில் தூரில் ஊற்ற வேண்டும், இலை நனையாமல். வைக்கோல் மூடாக்குப் போட்டால் ஈரம் நிற்கும். பழமும் மண்ணில் படாது. காலை வெயில் முழுதும் கிடைத்து, உச்சிவெயில் படாத இடம் சமவெளியில் அருமையான இடம். நட்ட கையோடு வரும் முதல் பூக்களைக் கிள்ளிவிட மனம் வராது. ஆனாலும் கிள்ளினால்தான் வேர் திடமாகும்.

பூவுக்கு வருவோம். ஸ்ட்ராபெர்ரியின் சிவப்புச் சதை, தாவரவியல்படி பழமே இல்லை. பூவின் அடித்தளம் பருத்து வளர்ந்ததுதான் அது. மேலே ஒட்டியிருக்கும் மணிகள் ஒவ்வொன்றும் ஒரு தனிக் கனி. ஒரு பெரிய பழத்தில் இருநூறு வரை இருக்கும். கருவுற்ற மணிகள் ஆக்சின் என்னும் ஊக்கியைச் சுரந்தால்தான் அவற்றைச் சுற்றியுள்ள சதை வளரும். 1950இல் ழான் நிட்ஷ் என்ற அறிஞர் இளம் காயிலிருந்து மணிகளை அகற்றிப் பார்த்தார். சதை வளர்ச்சி நின்றது. ஆக்சினைத் தடவினார், சதை மறுபடி வளர்ந்தது. மாடியில் காய்த்த பழம் ஒரு பக்கம் உருண்டு மறுபக்கம் சுருங்கிக் கோணலாக இருந்தால், பெரும்பாலும் உரக்குறையாக இராது. அந்தப் பக்கத்து மணிகளுக்கு மகரந்தம் போய்ச் சேரவில்லை. கொசுத்தேனீயோ அடுக்குத்தேனீயோ வந்துபோகும் மாடிகளில் இந்தத் தொல்லை குறைவு. அடுக்குமாடிக் குடியிருப்பின் பால்கனியில் தேனீ ஏறி வராவிட்டால், மென்மையான ஓவியத் தூரிகையால் காலைப் பொழுதில் பூவின் நடுமேட்டைச் சுற்றி மெல்லத் தடவிவிடலாம். ஒரு பூவில் ஒரு நிமிடம்கூட ஆகாது. பூத்ததிலிருந்து சுமார் ஒரு மாதத்தில் பழம் தயார்.

பூச்சி தேனீயாக மட்டும் வராது. வறண்ட வெயிலில் செஞ்சிலந்தி இலையடியில் மெல்லிய வலை பின்னும். தண்ணீரை இலையடியில் வேகமாகப் பீய்ச்சினாலே கட்டுக்குள் வரும், முற்றினால் வேப்பெண்ணெய்க் கரைசல். ஈரம் தேங்கினால் பழத்தில் சாம்பல் பூஞ்சணம் பிடிக்கும்; அந்தப் பழத்தை உடனே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் பக்கத்துப் பழத்துக்கும் தாவும். நத்தை இரவில் வரும். அணிலும் கொண்டைக்குருவியும் மைனாவும் பகலில் வரும், அதுவும் வீட்டுக்காரர் நாளைக்குப் பறிக்கலாம் என்று விட்டுவைத்த பழத்துக்கே வரும். பழம் சிவக்கும் நாட்களில் மட்டும் தொட்டிமேல் வலை போர்த்தலாம். பூக்கும் காலத்தில் போர்த்தினால் தேனீ உள்ளே வர முடியாது.

செடி ஓடுதண்டு எனப்படும் கொடியை விடத் தொடங்கினால், பழம் இருக்கும்வரை அதை நறுக்கிவிட வேண்டும்; அந்தத் தண்டு செடியின் பலத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். அறுவடை முடிந்த பிறகு இரண்டொரு தண்டுகளை விட்டு, கணுவை ஒரு சிறு தொட்டி மண்ணில் அழுத்தி வைத்தால் சில வாரங்களில் வேர் பிடிக்கும். பிறகு தாயிடமிருந்து வெட்டிப் பிரிக்கலாம். அந்தக் கன்றுகளை நிழல்வலைக்கடியில் ஈரமாகக் காப்பாற்றிக் கோடையைக் கடக்க வைப்பது சமவெளியில் கடினம். ஓசூர் போன்ற சற்றே உயரமான ஊர்களில் வாய்ப்பு அதிகம்.

பறிக்கும் நேரம் காலை. பழத்தைப் பிடித்து இழுக்காமல், காம்போடு நகத்தால் கிள்ள வேண்டும். சாப்பிடப் போகும்போதுதான் கழுவ வேண்டும், அதுவும் பச்சைத் தொப்பியோடு. தொப்பியை முதலில் கிள்ளிவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்கிச் சுவையைக் கெடுத்துவிடும். நூறு கிராம் பழத்தில் 90 கிராமுக்கு மேல் தண்ணீர்தான், வெளியே வைத்தால் அதிக நாள் தாங்காது. வைட்டமின் சி மட்டும் அந்த நூறு கிராமில் கிட்டத்தட்ட 60 மில்லிகிராம் இருக்கிறது, ஆரஞ்சுக்குச் சளைத்ததல்ல. பத்துச் செடி வைத்தவர்களுக்கு ஒரு நாளில் ஒரு கைப்பிடி கிடைக்கும். ஜாம் போட அது போதாது என்றால், பழுக்கப் பழுக்கத் தொப்பி கிள்ளி ஃப்ரீசரில் சேர்த்துவைத்து, அரைக் கிலோ ஆனதும் சர்க்கரையோடு காய்ச்சலாம். ஸ்ட்ராபெர்ரியில் பெக்டின் குறைவு, தானாகச் சீக்கிரம் இறுகாது. பாதி எலுமிச்சைப் பழத்தின் சாற்றைக் கொதிக்கும்போதே பிழிந்துவிட்டால் பதம் வரும்.