ஆண்களே, அந்தச் சோதனையைக் காலையில் செய்தீர்களா?

திருமணமாகி இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகியும் குழந்தை இல்லையென்றால், நம் வீடுகளில் முதலில் கிளினிக்குக்கு அனுப்பப்படுவது மனைவிதான். கணவர் கிளம்ப இன்னும் ஓராண்டு ஆகும். அப்படியே போனாலும் வேலை முடிந்து, மாலை ஐந்து மணிக்குத்தான் போவார். ரத்தம் கொடுப்பார். டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று ஒரு தாள் வரும். மனிதர் அன்றே இடிந்துபோவார்.

அந்த ஒரு தாளை நம்பி இடிந்துபோக வேண்டியதில்லை. இந்த ஹார்மோன் காலையில் கூடியிருக்கும், மாலையில் குறையும். இளைஞர்களிடம் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் அதிகம். சாப்பிட்டாலும் அளவு இறங்கும். அதனால்தான் காலையில், வெறும் வயிற்றில், இரண்டு வெவ்வேறு நாள்களில் சோதிக்கச் சொல்கிறார்கள். காய்ச்சலில் கிடக்கும்போது சோதிப்பதில் பயனில்லை. இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு நேராக வருபவர்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இரண்டு முறையும் குறைவு என்றால், அடுத்து எல்எச், எஃப்எஸ்எச் என்ற இரண்டு ஹார்மோன்களைப் பார்ப்பார்கள். மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, விதைகளுக்கு அனுப்பும் கட்டளைகள் இவை. முதலாளி கத்தியும் வேலை நடக்கவில்லையென்றால் கோளாறு விதையில். முதலாளியே வாய் திறக்கவில்லையென்றால் கோளாறு மேலே. உடல் பருமன், நீரிழிவு, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கக் கோளாறு, இவையும் டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கும்.

ஆனால் நம்மவர்கள் இவ்வளவு தூரம் பொறுப்பதில்லை. கோப்பிக் கடை நண்பர் தொங்காட் அலி காப்பி குடிக்கச் சொல்வார். அதுகூடப் பரவாயில்லை. உடற்பயிற்சிக் கூடத்து நண்பர் ஊசியே வாங்கித் தருவார். ஆபத்து அங்கேதான். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்ததும், போதுமான அளவு இருக்கிறது என்று நினைத்து பிட்யூட்டரி கட்டளையை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி சரியும். சிலருக்கு அறவே நின்றும் போகும். ஊசியை விட்ட பிறகு மீண்டு வரப் பல மாதங்கள் ஆகும். சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். குழந்தைக்காக ஊசி போட்டவருக்கு, அந்த ஊசியே தடையாக நிற்கும்!

குழந்தை வேண்டும் என்பவர் அதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் டெஸ்டோஸ்டிரோன் ஊசி தராமல் வேறு வழி பார்ப்பார். விந்துப் பரிசோதனையும் தனியாக உண்டு. டெஸ்டோஸ்டிரோன் சரியாக இருப்பவருக்கும் அணுக்கள் குறைவாக இருக்கலாம். மனைவி கிளினிக்குக்குப் போகும் அதே நாளில் கணவரும் போய் அதைச் செய்துகொள்ளலாம்.