வைத்தியசாலை வளவில் ஒரு சோலை



நோயைத் தீர்ப்பன மருந்தும் வைத்தியரின் கைத்திறனும் தாதியரின் பராமரிப்பும் என்பதை நாம் அறிவோம். படுக்கையிலிருந்து காணும் ஒரு மரத்துக்கும் அப்பணியிற் பங்குண்டு என்றால் உங்களிற் சிலர் நகைக்கக் கூடும். ஆயினும் அதற்குச் சான்று உண்டு.

மலர்களும் சாளரக் காட்சியும் நோயாளருக்கு அளிக்கும் ஆறுதலை, 1859ஆம் ஆண்டிலேயே புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் தமது தாதிமை நூலில் எடுத்துரைத்தார். பின்னாளில் ஆராய்ச்சியும் அதன் பக்கம் நின்றது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து வைத்தியசாலை ஒன்றின் 1972 முதல் 1981 வரையான பதிவேடுகளை றொஜர் உல்றிச் என்னும் அறிஞர் ஆராய்ந்தார். பித்தப்பைச் சத்திரசிகிச்சை பெற்றோரில், சாளரத்தின் வழியே மரங்களைக் கண்டவர் 23 பேர். செங்கற் சுவரைக் கண்டவர் 23 பேர். முன்னவர் ஏறக்குறைய 8 நாளில் வீடு திரும்பினர். பின்னவருக்குச் சராசரி முக்கால் நாள் கூடுதலாயிற்று. மரங்களைக் கண்டோருக்குக் கடுமையான நோமருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. இம்முடிவு 1984இல் வெளியாயிற்று. 46 பேரைக் கொண்ட சிறு ஆராய்ச்சிதான்; மரம் வைத்தியருக்குப் பதிலாகாது. எனினும் நோயாளியின் கண்முன் எது நிற்கின்றது என்பது அற்ப விடயமன்று.

சிங்கப்பூரில் 2010இல் திறக்கப்பட்ட கூ தெக் புவாட் வைத்தியசாலை ஒரு குளத்தருகே அமைந்தது. பறவைகளும் வண்ணத்துப்பூச்சிகளும் நாடி வரும் செடிகளைத் தெரிந்தெடுத்து அங்கே நட்டனர். கூரைமேற் காய்கறித் தோட்டமும் உண்டு. நோயாளருக்கு ஆறுதல் தரும் சோலையே சிற்றுயிர்களுக்கும் புகலிடமாயிற்று.

நம் வைத்தியசாலை வளவுகளிலும் இது கூடாததன்று. வண்ணத்துப்பூச்சிக்கு மலர் மட்டும் போதாது. அதன் புழு தின்ன இலையும் வேண்டும். தேசியிலும் கறிவேப்பிலையிலும் முட்டையிடுவன நம் நாட்டில் உண்டு. தேன்சிட்டுக்குச் செவ்வரத்தை, நிழலுக்கு வேம்பு. அலரி நஞ்சுடையது, குழந்தைகள் உலாவும் இடத்தில் அது வேண்டாம். பூச்சிகொல்லி தெளித்தாற் புழு மாளும். புழுவைத் தேடும் குருவியும் வாராது.

“சோலை வைத்தால் நுளம்பு பெருகுமே” என்று பெரியோர் வினவலாம். நியாயமான வினாவே. டெங்கு நுளம்பு பெருகுவது சிரட்டை, தகரப்பேணி, பீலி முதலியவற்றில் தேங்கிய நீரிலே. வாரந்தோறும் அவற்றை அகற்றுவது தோட்டப் பணியின் முதற் கடமையாக வேண்டும்.

நண்பர்களே, கன்று நடுவது ஒரு காலைப்பொழுதின் வேலை. வைகாசி முதல் ஆவணி வரை வரண்டு கிடக்கும் நம் வடபகுதியில், அதற்குத் தண்ணீர் வார்ப்பதே தொண்டு. ஆகவே முதலில் வைத்திய அதிகாரியின் அனுமதியைப் பெறுவோம். நோயாளர் படுக்கையிலிருந்து பார்க்கக்கூடிய இடத்தைத் தெரிவோம். தண்ணீர் வார்க்கும் முறைவரிசையை எழுதிய பின்னரே மண்வெட்டியை எடுப்போம். பத்துக் கன்றுகள் போதும். அடுத்த ஆண்டு மலரில், அவற்றில் எத்தனை தழைத்து நிற்கின்றன என்பதைக் கணக்காக எழுதுவோமாக.