பியோரியா நகரத்துச் சிலை
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



இத்தகைய விழாவில் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவதே வழக்கம். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆயின், சில நாட்களுக்கு முன் நம் இளைஞர் இருவர் வந்து, "ஐயா, நம் தெருவில் பிறந்து பெயர் பெற்ற ஒருவர் ஒழுக்கத்தில் குறையுடையவராக இருந்தால், அவருக்கு ஊரார் சிறப்புச் செய்யலாமா?" என வினவினர். அவர் எவரை மனத்திற்கொண்டு கேட்டனர் என்பது ஈண்டு வேண்டா. அன்று விடை கூறாது அனுப்பினோம். இன்று, தொலைவிலுள்ள ஓர் ஊரின் வரலாற்றைக் கொண்டு விடை கூற முயல்கிறோம்.

அமெரிக்க நாட்டில், சிக்காகோவிற்குத் தென்மேற்கே இல்லினாய் ஆற்றங்கரையில் பியோரியா என்னும் நகரம் உள்ளது. அந்நாட்டு நாடகக்காரர்கள், புதிய நாடகம் ஒன்று பொதுமக்களுக்குப் பிடிக்குமா என்பதை அறிய, பியோரியாவில் அது எடுபடுமா என்று கேட்பது பழமொழியாகவே ஆகிவிட்டது. சராசரி மக்களின் சுவைக்கு அளவுகோலாகக் கருதப்பட்ட ஊர் அது.

அவ்வூரில், 1940ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், கறுப்பினக் குடும்பம் ஒன்றில் ரிச்சர்டு பிரையர் பிறந்தார். தம் பாட்டியார் நடத்திய விலைமகளிர் இல்லத்தில் வளர்ந்தார். பெற்ற தாயும் அவ்வில்லத்திலேயே இருந்தவர். பின்னர் மகனை விட்டுப் பிரிந்தார். இதனை மறைத்துக் கூறினால் அம்மனிதரின் வரலாறே விளங்காது, ஆகவே கூறுகிறோம்.

பள்ளியில் அவர் அடங்காத பிள்ளை, காலந்தாழ்ந்தே வருவார். ஆறாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் அவரோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். ஒழுங்காக நேரத்திற்கு வந்தால், வகுப்பின் முன் நின்று எல்லோரையும் சிரிக்க வைக்கச் சில நிமிடம் தருவேன் என்பதே அது. பிள்ளை நேரத்திற்கு வந்தான்! ஆயினும் பதினான்காம் வயதில் வேறொரு பள்ளி அவரை வெளியேற்றியது. காலணிக்கு மெருகிடுதல் போன்ற சிறு வேலைகள் செய்து பிழைத்தார்.

அக்காலத்தில்தான் கறுப்பின மக்களுக்கென அமைந்த கார்வர் சமுதாயக்கூடத்தில் நாடகம் பயிற்றிய ஜூலியட் விட்டேக்கர் என்னும் அம்மையாரை அவர் அடைந்தார். ஏதேனும் ஒரு வேடம் தருமாறு வேண்டினார். வேலைக்காரன் வேடமே மிஞ்சியிருந்தது. ஒரு நாள் அரசனாக நடிக்கும் சிறுவன் ஒத்திகைக்கு வரவில்லை. பிரையர் அவ்விடத்தில் நின்று நடித்தார். திரும்பி வந்த சிறுவன், இவன் நடிப்பைக் கண்டு, தன் அரியணையை இவனுக்கே விட்டுக்கொடுத்தான். அச்சிறுவனையும் நாம் மறத்தல் ஆகாது.

1964 முதல் அமெரிக்கத் தொலைக்காட்சி நாடெங்கும் அவர் முகத்தைக் காட்டியது. எனினும் அவர் பேச்சுக்கு அஞ்சவும் செய்தது. 1975இல் 'சாட்டர்டே நைட்' நேரடி ஒளிபரப்பை அவர் நடத்தியபோது, தகாத சொல் வருமோ என்று சில நொடி தாமதித்தே ஒளிபரப்பினர். 1977இல் அவர் பெயரிலேயே தொடங்கிய தொடர் நான்கே நிகழ்ச்சிகளோடு நின்றது. தணிக்கையோடு ஓயாத சச்சரவு.

நம் சிந்தனைக்கு உரிய செய்தி ஒன்று உண்டு. கறுப்பரை இழிவு செய்ய வெள்ளையர் வழங்கிய ஒரு சொல்லை, அதன் நஞ்சை முறிப்பதாகக் கருதி, அவர் மேடைதோறும் வேண்டுமென்றே கூறி வந்தார். 1979இல் ஆப்பிரிக்காவின் கென்யாவுக்குச் சென்றார். அங்குக் கறுப்பின மக்கள் எல்லாத் தொழிலிலும் பதவியிலும் இயல்பாக இருப்பதைக் கண்டார். அச்சொல்லுக்கு உரியவர் ஒருவரேனும் அங்கு இல்லை என உணர்ந்து, இனி அதனைக் கூறுவதில்லை என உறுதி பூண்டார். நம் இளைஞருள் சிலர், பிறர் நம்மை வைத வசைப்பெயரால் ஒருவரையொருவர் விளையாட்டாக அழைப்பதை நாம் கேட்டிருக்கிறோம். 1946இலேயே அண்ணல் அம்பேத்கர் அவர்கள் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டுபாய்சுக்குக் கடிதம் எழுதி, இரு மக்களின் நிலையும் ஒத்திருப்பதைக் குறிப்பிட்டார்கள். ஆகவே இவ்வொப்புமை நாம் புதிதாகக் கண்டதன்று.

பிரையரின் குறைகள் சிறியன அல்ல. போதைப் பொருளுக்கு அடிமையானார். 1980இல் அதன் காரணமாகத் தீயில் வெந்து உயிர் பிழைத்தார். குடும்ப வாழ்விலும் அமைதி இல்லை. 1986இல் நரம்பு நோய் கண்டது. 1998இல் நகைச்சுவைக்கான மார்க் ட்வைன் பரிசை முதன்முதலாகப் பெற்றவர் அவரே. 2005ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் மறைந்தார்.

அவர் வாழ்ந்தபோதே, 2001இல், பிறந்த ஊர் ஒரு தெருவுக்கு அவர் பெயரிட்டது. சிலைக்கோ பொருள் எளிதில் சேரவில்லை. அவருடைய பேச்சையும் போதையையும் எண்ணித் தயங்கியோர் பலர். பிரெஸ்டன் ஜாக்சன் என்னும் கறுப்பினச் சிற்பி வடித்த, ஆளினும் பெரிய வெண்கலச் சிலை, 2015 மே 3ஆம் நாளன்றுதான் திறக்கப்பட்டது.

ஆனால், அவ்வூரின் முதற்சிறப்பு அச்சிலை அன்று என்பது நம் கருத்து. 1974இல் தொலைக்காட்சி எழுத்துக்காகத் தமக்குக் கிடைத்த எம்மி விருதைப் பிரையர் விட்டேக்கர் அம்மையாரிடமே கொடுத்துவிட்டார். யார் முதலில் தமக்குச் சிறப்புச் செய்தவர் என்பதை அவர் அறிந்திருந்தார்.

நாம் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், எம் நடையையும் குரலையும் அப்படியே நடித்துக் காட்டிய மாணவன் ஒருவனை வகுப்பிற்கு வெளியே நிறுத்தினோம். நம் தெருப் பிள்ளைதான். நான்கு நாட்கள் நின்றான். ஐந்தாம் நாள் வரவில்லை. வீட்டுக்குச் சென்று அழைத்து வந்திருக்கலாம். செல்லவில்லை. பின்னர் அவன் செங்கற்சூளைக்குப் போனதாகக் கேள்வியுற்றோம். பியோரியாவின் வரலாற்றைப் படித்த இரவில் எமக்கு நினைவு வந்தவன் அவனே.

இளைஞர்களே, உங்கள் வினாவுக்கு விடை இது: சிறப்புச் செய்யுங்கள், குறையை மறைக்காமல் செய்யுங்கள். ஆனால் அவர் இறந்த பத்தாண்டு கழித்துச் செய்யாதீர்கள்.

நம் சங்கத்தின் மாலை வகுப்பில், வெள்ளிக்கிழமைதோறும் கடைசிக் கால்மணி நேரத்தைப் பிள்ளைகளுக்கே விட்டுவிட இசைவு கேட்டோம்; செயற்குழுவினர் அன்புடன் தந்துள்ளனர். முதல் வெள்ளியன்று தலைமையாசிரியரைப் போல நடிக்கப்போவதாக ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி இப்போதே அறிவித்துவிட்டாள். நாம் முன்வரிசையில் அமரவிருக்கிறோம்.