மலையடியில் ஒரு பாடம்

 

இராசபாளையத்துக்கும் திருவில்லிபுத்தூருக்கும் மேற்கே ஓங்கி நிற்கும் மலைக்காடு, 1988இல் சாம்பல்நிற மலையணிலின் புகலிடமாகவும், 2021இல் திருவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. அடிவாரத்தில் வேலும் உடையும் மண்டிய முட்காடு. அதன்மேல் வேனிலில் இலையுதிர்க்கும் மரங்கள். ஓடைக்கரையில் மாவும் புளியும். உயரத்தில் பசுமை மாறாச் சோலை. உயரமும் மழையும் மாற மாற மரங்களும் மாறுகின்றன. சூழலியல் கற்க இதனினும் சிறந்த பள்ளி எது?

ஆயினும் நிகழ்வது என்ன? ஆடு மேய்த்த பாட்டியிடம் செடிப்பெயர்களைக் கற்ற மாணவன், கல்லூரியின் நிலைத்திணையியல் வகுப்பில் ஊமையாகிறான். ஆங்கில வரையறைகளை உருவேற்றி, விடைத்தாளில் இறக்கி வைத்துவிட்டு, மலையைத் திரும்பியும் பாராமற் போகிறான்.

தமிழுக்கு இத்துறை புதிதா? நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், அவற்றைச் சார்ந்த மரம், புள், விலங்கு முதலியவற்றைக் கருப்பொருள் என்றும் தொல்காப்பியம் வகுத்தது. புறத்தே வயிரமுடைய பனை, மூங்கில் போன்றவை புல். அகத்தே வயிரமுடையவை மரம் என்றது. இன்றைய ஒருவித்திலை, இருவித்திலைப் பகுப்புக்கு இது பெரிதும் நெருங்கியது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1987இல் வெளியிட்ட கு. சீநிவாசனின் 'சங்க இலக்கியத் தாவரங்கள்' பழம்பாடல்களின் செடிகொடிகளை இன்றைய அறிவியற் பெயர்களோடு இணைத்துக் காட்டிற்று.

இலத்தீன் பெயர் வேண்டா என்பதன்று. அது நாடுகளிடையே பாலம். அப்பாலத்திலும் தமிழ்க்கல் உண்டு. முருங்கையே 'மொரிங்கா' ஆயிற்று; மாமரத்தின் 'மாங்கிபெரா' என்னும் பெயருக்குள் மாங்காய் இருக்கிறது. பாலம் வேண்டும், ஆனால் வீடு தாய்மொழியில் இருத்தல் வேண்டும்.

இது மொழிப்பற்று மட்டுமன்று, காட்டின் உயிர்ச்சிக்கல். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த உண்ணிச்செடி புதராய்ப் படரும்போது, அதன்கீழ் நலிவது எச்செடி என்று அறிந்தவனே அதனைக் காப்பான். பெயரறியாதவன் கண்ணுக்கு எல்லாம் பச்சையே! ஊர்ப்பெயர் மறைந்தால் செடி மறைவதும் புலப்படாது.

ஆதலால், ஆசிரியர்கள் மாணவரை மலைக்கு அழைத்துச் செல்க! ஊர் முதியோரை உடன் அழைக்க! உலர்த்தி ஒட்டும் ஒவ்வொரு செடியின் தாளிலும் இலத்தீன் பெயரோடு ஊர்வழங்கு தமிழ்ப்பெயரையும், கண்ட இடத்தையும் நாளையும் எழுதுக! பட்டமேற்படிப்பு வரை தமிழில் எழுதவும் ஆயவும் பல்கலைக்கழகங்கள் வழிசெய்க!

பாட்டி அறிந்ததைப் பட்டதாரியும் அறிக. அதன்மேல் பட்டதாரி அறிந்தது ஊருக்கும் சென்று சேர்க!